இயந்திரத்தில் பழுதில்லை

நவம்பர் 6, திங்கள்

ஆய்வகப் பதிவேட்டில் மரியாதையாக எழுதித் தொலைக்க வேண்டியிருக்கிறது. மரியாதை இல்லாததை எழுத இந்த நோட்டு. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்துக்கு இருபத்திரண்டு வருடமாகப் பொறுப்பாளன் நான். இதுவரை வந்த புகார்களில் பாதி, பிளக்கை மாட்டாதது. மீதிப் பாதி, மாட்டியவன் மண்டையில் ஒன்றும் இல்லாதது.

இன்று காலை அலுவலகக் கண்காணிப்பாளர் பொன்ராஜ் போன் செய்தார். "சார், ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. இந்த ஜெபக்கனி லேப்டாப்புல எக்ஸ்ரேய ஒட்டி வச்சிருக்கா."

ஏதோ உளறுகிறார் என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தால் நிஜமாகவே எக்ஸ்ரே. ஜெபக்கனி உதவித்தொகைப் பிரிவில் ஐந்து வருடமாக ஒப்பந்த ஊழியர். திரை முழுக்க ஒரு பழைய எக்ஸ்ரே பிலிமை செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தாள். அதில் ஒரு முழங்கால். எலும்புக்கு நடுவே மாணவர்களின் பெயர்களைத் தேடிப் பிடித்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரு முட்டிம்மா இது?"

"எங்க அத்தை முட்டி சார்."

அவளுக்கு ஒற்றைத் தலைவலியாம். வெளிச்சம் ஆகாதாம். திரையின் வெளிச்சத்தைக் குறைத்தால் குறைகிறதாம், நிற்க மாட்டேன் என்கிறதாம். எக்ஸ்ரேயைப் பிய்த்துவிட்டு, குறைக்கும் விசையை நானே நாலு தட்டுத் தட்டினேன். பாந்தமாகக் குறைந்தது.

"கொறையுதுல்லா?"

"கொறையுது சார். கொஞ்சம் இருந்து பாருங்க."

இருந்து பார்க்க இது என்ன சினிமாவா? ஆய்வகத்தில் நாற்பது இயந்திரங்களை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். விசை வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நான் வாசலைத் தாண்டும்போதே முதுகுக்குப் பின்னால் எக்ஸ்ரேயை மறுபடி ஒட்டும் சத்தம் கேட்டது. திமிர்.

நவம்பர் 7, செவ்வாய்

கல்லூரி முதல்வர் எழுத்தில் கேட்டார். எழுதிக் கொடுத்தேன்: "மேற்படி மடிக்கணினியைச் சோதித்தேன். இயந்திரத்தில் பழுதில்லை." இரண்டே வாக்கியம். இந்தக் கல்லூரியில் இரண்டு வாக்கியத்தில் ஒரு விஷயத்தை முடிக்கத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான்.

நவம்பர் 9, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. பதினேழாம் எண் விசைப்பலகைக்குள் எறும்பு. இரண்டாம் வருடப் பையன்கள் விசைப்பலகைக்கு மேல் வைத்து முறுக்கு தின்றால் எறும்பு வராமல் என்ன செய்யும். கவிழ்த்துத் தட்டியதில் ஒரு டீத் தட்டு நிறையத் துகள்.

மதியம் ஜெபக்கனி ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள். கையில் நாலாக மடித்த ஒரு சீட்டு. வெளிச்சத்தைக் குறைத்த நேரம், அது தானாகக் கூடிய நேரம் என்று இரண்டு பத்தியாக, பதினெட்டு வரி எழுதியிருந்தாள். நேரத்தில் வினாடி வரைக்கும்! வேலை நேரத்தில் இந்த ஆராய்ச்சி நடக்கிறது.

"இன்டர்நெட்ல கேட்டேன் சார். லினக்ஸ்ல இப்படி வரும், கெர்னல்ல ஒரு வரி சேக்கணும்னு சொல்லுதாங்க. எனக்குப் பயமா இருக்கு. நீங்க ஒரு தடவ பாத்திங்கன்னா போதும்."

இணையத்தில் பதில் சொல்கிற கூட்டத்தை எனக்குத் தெரியாதா? மீசை முளைக்காதவன் எல்லாம் லினக்ஸின் அடிவேரான கெர்னலைப் பற்றிப் பேசுகிறான். இங்கே எல்லா இயந்திரத்திலும் லினக்ஸ் போட்டவன் நான். இலவசமான இயங்குதளம், திறந்தது, அதன் ஒவ்வொரு வரியையும் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ஒருவனும் படிப்பதில்லை. ஏதாவது ஆனால் மட்டும் லினக்ஸைத் திட்ட வந்துவிடுவார்கள்.

"வேற லேப்டாப்பாவது மாத்தித் தாங்க சார். இங்க சும்மாதான கெடக்கு."

"ஆய்வகத்துச் சாமான் ஆய்வகத்த விட்டு வெளிய போவாது."

அவள் போகாமல் நின்றாள். "அடுத்த வருசத்துக்கு ஒப்பந்தம் போடணுமா வேண்டாமான்னு இப்பதான் பேசுதாங்க சார். தெனம் மத்தியானம் தல வெடிக்கி. வாந்தி வருது. வேல முடிய மாட்டேங்குது. இது போச்சுன்னா ஜவுளிக் கடைலதான் போயி நிக்கணும். அங்க லைட்டு இத விடக் கூட."

நான் ஜவுளிக் கடை நடத்தவில்லை. சீட்டைக் குப்பைக் கூடையில் போட்டேன். அவள் போன பிறகுதான் போட்டேன், அந்த அளவுக்கு எனக்கும் நாகரிகம் உண்டு.

நவம்பர் 10, வெள்ளி

கேன்டீனில் பொன்ராஜ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் வடையைச் சாம்பாரில் முக்கிவிட்டுப் பேசுகிற ஆள். பேசி முடிப்பதற்குள் வடை கரைந்துவிடும்.

"முந்நூத்திப் பன்னெண்டு விண்ணப்பம் சார். இன்னும் பாதி தாண்டல. கேட்டா லேப்டாப்புங்கா, வெளிச்சம்ங்கா. நல்லவேளை, நீங்க பழுதில்லன்னு எழுதிக் குடுத்திய. அதத்தான் மெமோவோட சேத்துப் பின் அடிச்சிருக்கேன். இருபத்தொண்ணாம் தேதி கமிட்டி. வேலையத்தான் முடிச்சி விடுவாங்கன்னு நெனைக்கேன்."

எழுதத் தெரியாதவனுக்குப் பேனா சரியில்லை. இவளுக்கு லேப்டாப் சரியில்லை. என் இரண்டு வாக்கியத்துக்கு இவ்வளவு பலம் இருக்கிறது என்று தெரிந்தது. சந்தோஷம்தான்.

நவம்பர் 13, திங்கள்

தீபாவளிக்கு மறுநாள் விடுமுறை. என் மனைவி சங்கரவடிவு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை வரும்போது ஆய்வகத்திலிருந்து ஒரு மடிக்கணினியைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். ஜெபக்கனியிடம் இருக்கும் அதே மாடல்தான், ஆனால் அதற்காக இல்லை. வேறு வேலை இருந்தது.

சும்மா வெளிச்சத்தைக் குறைத்தேன். குறைந்தது. அடுக்களைக்குப் போய்க் காப்பியை ஊற்றிக்கொண்டு, ஒரு அதிரசத்தையும் எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால் திரை பளீர் என்று இருக்கிறது.

ஏதோ கை பட்டிருக்கும் என்று மறுபடி குறைத்தேன். இந்த முறை எழுந்து போகவில்லை. எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆடாமல் அசையாமல் இருந்த திரை, நான் அதிரசத்தைக் கடித்த நேரத்தில் முகத்தில் டார்ச் அடித்த மாதிரி கூடியது.

ஆய்வகத்தில் குழல் விளக்குக்குக் கீழே எவனும் வெளிச்சத்தைக் குறைப்பதில்லை. அதனால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். வன்பொருளில் இப்படிச் சில விசித்திரங்கள் உண்டு. இதற்கும் ஜெபக்கனி சொன்னதற்கும் சம்பந்தம் இருப்பதாகச் சொல்ல முடியாது.

நவம்பர் 14, செவ்வாய்

கெர்னலில் அந்த ஒரு வரியைச் சேர்த்துப் பார்த்தேன். மீசை முளைக்காதவர்கள் சொன்னது என்பதற்காக இல்லை, அதை எப்படியும் முதலில் பார்க்கத்தான் வேண்டும். பயனில்லை. எடுத்துவிட்டு வேறொன்று சேர்த்தேன். பயனில்லை. மூன்றாவதைச் சேர்த்ததும் விசையே செத்துப்போனது.

லினக்ஸில் திரையின் வெளிச்சம் என்பது வேறொன்றுமில்லை, ஒரு கோப்பில் எழுதியிருக்கும் ஓர் எண். 200 என்று எழுதினால் மங்கும். 937 எழுதினால் முழு வெளிச்சம். நான் 200 எழுதுகிறேன். யாரோ வந்து 937 என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். திரை அட்டையின் டிரைவரைச் சந்தேகப்பட்டேன். பேட்டரி மேலாண்மையைச் சந்தேகப்பட்டேன். இதைத் தயாரித்த கம்பெனிக்காரன், அவன் அப்பன், பாட்டன் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். உலகத்தில் ஒருவனுக்கும் வேலையைச் சுத்தமாகச் செய்யத் தெரியவில்லை.

நவம்பர் 15, புதன்

செல்போனில் நேரத்தை ஓடவிட்டுப் பார்த்தேன். சரியாக முப்பது வினாடிக்கு ஒரு முறை அந்த எண் மாறுகிறது. இருபத்தொன்பது இல்லை, முப்பத்தொன்று இல்லை. கெட்டுப்போன வன்பொருள் இப்படி மணி பார்த்துக் கெடாது. முப்பது என்பது மனிதன் வைத்த எண்.

குப்பைக் கூடையைத் துழாவி அவள் சீட்டை எடுத்தேன். ஆறு நாளாகக் கூடையைக் கொட்டாத நிர்வாகத்துக்கு முதல்முறையாக நன்றி. பதினெட்டு வரியில் ஒன்றில்கூட இடைவெளி முப்பதைத் தாண்டவில்லை. நடுவில் எங்கே குறைத்தாலும், முழு நிமிடத்திலோ அரை நிமிடத்திலோ கூடியிருக்கிறது. கூடிய நேரத்துக்கு மட்டும் அடியில் கோடு போட்டிருக்கிறாள். பி.எஸ்ஸி. மூன்றாம் வருடத்தில் ஒருவனுக்கும் இப்படி எழுதத் தெரியாது.

அன்றைக்கு நான் எவ்வளவு நேரம் பார்த்தேன்? ஐந்து வினாடி இருக்கும்.

நவம்பர் 16, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

இயந்திரம் தொடங்கும்போதே ஓடத் தொடங்குகிற ஒரு நிரல். மொத்தம் ஆறு வரி. முழு வெளிச்சத்தை எழுது, முப்பது வினாடி தூங்கு, மறுபடி எழுது. இயந்திரத்தை அணைக்கும் வரை இதே வேலை. இவ்வளவு தரங்கெட்ட நிரலை நான் பார்த்ததில்லை. கூரை ஒழுகுகிறது என்று முப்பது வினாடிக்கு ஒருமுறை வாளியை மாற்றுகிறவன் செய்கிற வேலை.

ஏன் எழுதினான் என்று புரிகிறது. ஆறு வருடத்துக்கு முன் ஐந்து மடிக்கணினியை வைத்து இங்கே இணையத் தேர்வு நடந்தது. பேட்டரியை மிச்சம் பிடிக்கத் திரை தானாக மங்கிக்கொண்டே இருந்தது. மாணவர்கள் கத்தினார்கள். தேர்வு தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அவசரத்தில் எழுதியிருக்கிறான். அந்த ஐந்தில் நாலு இப்போது ஆய்வகத்தில் இருக்கின்றன. ஐந்தாவது ஆறு மாதத்துக்கு முன் உதவித்தொகைப் பிரிவுக்குப் போனது. கோப்பின் முதல் வரியில் குறிப்பு வேறு எழுதி வைத்திருக்கிறான், "தேர்வு முடிந்ததும் நீக்கவும்" என்று. எழுதியவனே படிக்காத குறிப்பு.

இரண்டாம் வரியில் எழுதியவன் பெயரும் இருக்கிறது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஆறு வருடத்துக்கு முன் இந்தக் கல்லூரியில் லினக்ஸ் தெரிந்தவன் ஒரே ஒருவன்தான் இருந்தான்.

நவம்பர் 17, வெள்ளி

முதல்வர் அறை வரைக்கும் போனேன். உள்ளே யாரோ இருந்தார்கள். திரும்பிவிட்டேன்.

நவம்பர் 20, திங்கள்

இரண்டு நாள் யோசித்ததில் வழி கிடைத்துவிட்டது. பழுதை நீக்கிவிட்டால் பழுதைப் பற்றிய பேச்சு எதற்கு? அவளுக்குத் தலைவலி தீரும், விண்ணப்பத்தை முடித்துவிடுவாள், எனக்கும் கடிதத்தை மாற்றி எழுதும் அசிங்கம் இல்லை.

உதவித்தொகைப் பிரிவுக்குப் போய், அப்டேட் போட வேண்டும் என்றேன். ஜெபக்கனி எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். கோப்பை நீக்கி, மறுபடி தொடங்கிவைத்தேன். நாலு நிமிட வேலை. வெளிச்சத்தைக் குறைத்துப் பார் என்றேன். குறைத்தாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அரை நிமிடம் போனது, ஒரு நிமிடம் போனது, இரண்டும் போனது.

"நிக்கி சார்! ஐயோ, நிக்கி!" என்று கத்தினாள். அடுத்த மேஜையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தையின் முட்டியைச் சுருட்டிக் கூடையில் போட்டாள். "ஆறு மாசமா எந்தச் சாமிக்கு வேண்டிக்கிடலன்னு கேளுங்க. என்ன சார் செஞ்சிய?"

"அப்டேட்."

"நல்லாருப்பிய சார். நாளைக்கு கமிட்டில சொல்லிருதேன், இனிமே வேல கெடக்காதுன்னு."

அவள் கண்ணைச் சுருக்காமல் பார்த்ததை இன்றுதான் பார்த்தேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன். சங்கரவடிவு, என்ன இன்றைக்கு முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 21, செவ்வாய்

கமிட்டி. முதல்வர், பொன்ராஜ், நிர்வாகத்திலிருந்து வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர். கூட்டம் முடியும் வரை அவர் பிஸ்கட்டைத் தவிர எதையும் கவனிக்கவில்லை. விளக்கம் தேவைப்பட்டால் சொல்ல என்னை ஓரத்தில் உட்காரவைத்திருந்தார்கள்.

மடிக்கணினியை மேஜைமேல் வைத்தார்கள். ஜெபக்கனி ஆறு மாதத்துக் கதையைச் சொன்னாள். முதல்வர் விசையைத் தட்டினார். குறைந்தது. அவர் என்னை மாதிரி எழுந்து போகவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முழுதாக மூன்று நிமிடம் உட்கார்ந்திருந்தார். திரை அப்படியே நின்றது. இவ்வளவு சுத்தமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

"நல்லாத்தானம்மா இருக்கு?"

"நேத்துதான் சார் சரியாச்சு. சார் வந்து அப்டேட் போட்டாங்க. அதுக்கு முன்னால நிக்காது. சார்கிட்ட வேணும்னா கேளுங்க."

முதல்வர் என் பக்கம் திரும்பினார். என் கடிதம் அவர் கையில் இருந்தது. "மிஸ்டர் கோமதிநாயகம், இது நீங்க ஆறாம் தேதி பாத்துட்டு எழுதுனதுதான?"

"ஆமா சார்."

"அப்டேட்டுக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?"

"இருக்க வாய்ப்பு குறைவு."

பொன்ராஜ் தொண்டையைச் செருமினார். ஜெபக்கனி என்னையே பார்த்தாள். டிசம்பர் ஒன்றிலிருந்து அவளுக்கு வேலை இல்லை. பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. வெள்ளைச் சட்டைக்காரர் கடைசி பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

மூன்று படித்த மனிதர்கள். நீக்கியது என்ன, எந்தக் கோப்பு என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆய்வகத்தில் இன்னும் நாலு இயந்திரத்தில் அதே நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது. திறந்து பார்த்தால் இரண்டாம் வரியிலேயே பெயர். இந்த மாதிரி முட்டாள்கள் இருக்கும் இடத்தில் ஒருவன் பொய் சொல்லக்கூட வேண்டியதில்லை, வாய்ப்பு குறைவு என்று சொன்னால் போதும்.

மதியம் சாப்பிடவில்லை. கேன்டீன் சாம்பார் வாயில் வைக்க விளங்கவில்லை.

நவம்பர் 22, புதன்

பதினொரு மணிக்கு ஜெபக்கனி மடிக்கணினியைத் துணிப்பையில் கொண்டுவந்தாள். கூடவே ஒப்படைப்புப் படிவம். அதில் 'இயந்திரத்தின் நிலை' என்று ஒரு கட்டம், கீழே என் கையெழுத்து. பேனாவை எடுத்தேன்.

"எழுதுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்குதேன் சார்."

"கேளு."

"ஆறாம் தேதி பாத்துட்டுப் பழுதில்லன்னு எழுதிக் குடுத்திய. முந்தாநாள் வந்து சரி பண்ணுனிய. இல்லாத பழுத எப்படி சார் சரி பண்ணுனிய?"

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆய்வகத்தில் இருபது பையன்கள் இருந்தார்கள், தட்டுகிற சத்தம் நின்றுபோனது. இருபத்திரண்டு வருடமாக இந்த அறையில் எந்தக் கேள்விக்கும் எனக்குப் பதில் இல்லாமல் போனதில்லை. எதிரில் நிற்பவனை மட்டம் தட்டவாவது ஒரு வார்த்தை வந்துவிடும். இன்று பேனாவைக் கீழே வைத்தேன்.

பையன்களை வெளியே அனுப்பிவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். "திரையின் வெளிச்சத்தை முழு அளவிலேயே வைத்திருந்த ஒரு பழைய நிரல் 20ஆம் தேதி நீக்கப்பட்டது" என்று எழுதி அவளிடம் நீட்டினேன்.

நின்றுகொண்டே படித்தாள். "யாரு வச்ச நிரல்னு இல்லயே சார்."

"அது அவசியமா?"

"எனக்கு அவசியமில்ல சார். முதல்வர் கேப்பாருல்லா? நாஞ் சொன்னா நம்புவாரா?"

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று கேட்டேன். "நேத்து நீங்க வாய்ப்பு குறைவுன்னு சொன்னியள்லா, அப்ப" என்றாள்.

வெட்கமாக இருந்தது. இந்த வார்த்தையை நான் இந்த நோட்டில் எழுதியதில்லை. தாளைக் கிழித்துவிட்டு இன்னொன்று எடுத்தேன். கிழித்தேன். மூன்றாவது தாளில் எழுதியதை நினைவிலிருந்து இங்கே அப்படியே எழுதுகிறேன்:

"ஜெபக்கனியின் மடிக்கணினியில் பழுது இருந்தது. அதற்குக் காரணமான நிரலை ஆறு வருடத்துக்கு முன் எழுதி, நீக்க மறந்தவன் நான். ஐந்து வினாடி பார்த்துவிட்டுப் பழுதில்லை என்று சான்று கொடுத்தவன் நான். 16ஆம் தேதி உண்மை தெரிந்தும், அதை மறைக்க யாருக்கும் சொல்லாமல் நீக்கினேன். நேற்று கமிட்டியில் நான் சொன்னது பொய். அதே நிரல் ஆய்வகத்தின் நாலு இயந்திரங்களில் இன்னும் இருக்கிறது, இப்போதே வந்து பார்க்கலாம். அதற்காக அவற்றைத் தொடாமல் வைத்திருக்கிறேன். சு. கோமதிநாயகம்."

இரண்டு முறை படித்தாள். நான் கையை நீட்டினேன். தாளைத் தராமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"மொதல்ல ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கிடுதேன் சார். எடுத்துட்டு வாறேன், ரெண்டு பேருமா முதல்வர்ட்ட போவோம்."

நான் என்ன, தாளைப் பிடுங்கியா தின்றுவிடப் போகிறேன் என்று கேட்க வாய் துடித்தது. கேட்கவில்லை. தின்றாலும் தின்பேன் என்று அவளுக்குத் தெரியும். இந்தக் கல்லூரியில் என் வேலையைச் சரிபார்க்க வேண்டும் என்று தோன்றிய முதல் ஆள் அவள்தான்.

அவள் போய்ப் பத்து நிமிடம் ஆகிறது. அதற்குள்தான் இதை எழுதினேன். படியேறி வரும் சத்தம் கேட்கிறது.